தொட்டியில் இறங்குவதற்கு முன்

மகனுக்கு அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்கும் அத்தோடு பேச்சு நின்றுவிடும். காகிதம் குறுக்கே பேசாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

உனக்கு முழுக்கு ஞானஸ்நானம் என்ற சேதி முதலில் உன் வாயிலிருந்து எனக்கு வரவில்லை. போன புதன்கிழமை காலையில் திருவரங்குளத்திலிருந்து உன் மாமா போன் செய்தார். எடுத்த எடுப்பில், "தொட்டியில தண்ணி எம்புட்டு விடணும்? நெஞ்சு வரைக்கும் போதுமா, கழுத்து வரைக்கும் வேணுமா? ஒங் கொழுந்தனாரைக் கேட்டுச் சொல்லு, கரண்டு காலையில கொஞ்ச நேரந்தான் வருது" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விவரமாகச் சொன்னார். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு உனக்கு முழுக்காம். கண்மாய் வற்றிக் கிடப்பதால் உன் சித்தப்பா மாமாவுடைய பம்புசெட் தொட்டியைக் கேட்டிருக்கிறார். மாமா நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், திங்கள் தவறாமல் சிவன் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் சித்தப்பாவின் சபைக்காரர்கள் கோடையில் வந்து கேட்கும்போதெல்லாம் தொட்டியைக் கொடுத்துவிடுவார். அவர்கள் முங்கி எழுந்து போன பிறகு அந்தத் தண்ணீர் எப்படியும் கத்தரிச் செடிக்குத்தானே பாயப்போகிறது என்பார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து நீயே பேசினாய். எஸ்தரின் அப்பா சித்தப்பாவின் சபையில் மூப்பர் என்பதும், கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பதை அவர்கள் ஞானஸ்நானமாகவே எடுத்துக்கொள்வதில்லை என்பதும், நீ முழுக்கு எடுத்தால்தான் பெண் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதும் மாமா சொல்லி அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டதால் புதிது இல்லை. நீ அதற்குமேல் சொன்னதுதான் புதிது. "எனக்கு இதுல எதுலயும் நம்பிக்கை இல்லம்மா. காலேஜ் முடிக்கும்போதே போயிருச்சு. பத்து நிமிஷம் முங்கி எந்திரிச்சா வேலை முடிஞ்சுது" என்றாய். அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "அப்புறமாச் சொல்லிக்கலாம்மா" என்றாய். நான் பேசாமல் இருந்தேன். நீ, அப்பா இருந்தால் ரொம்ப வருத்தப்பட்டிருப்பார் என்று சொல்லி வைத்துவிட்டாய். மூன்று மாதக் குழந்தையாக உன்னை ஏந்திக்கொண்டுபோய்க் கொடுத்த ஞானஸ்நானத்தை இவன் தள்ளிவிட்டானே என்று அம்மா உடைந்துபோய்விட்டாள் என நினைத்திருப்பாய். அதெல்லாம் இல்லை. என் வாயை அடைத்தது "அப்புறமாச் சொல்லிக்கலாம்" என்ற அந்த வார்த்தைதான். அதையே நானும் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் திருவரங்குளத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். கிராம நர்ஸ் வேலை கிடைத்துக் குளத்தூர்ப் பக்கம் போனதும், அங்கே வாத்தியாராக இருந்த உன் அப்பாவைப் பார்த்ததும், இரண்டு வீட்டிலும் ரகளை நடந்ததும் நீ சின்ன வயதில் கதையாகக் கேட்டவை. அந்தக் கதையில் உனக்குச் சொல்லாமல் விட்ட ஒரு சனிக்கிழமை இருக்கிறது. திங்கட்கிழமை கல்யாணம். ஞானஸ்நானம் எடுக்காத பெண்ணுக்கு சர்ச்சில் வைத்துத் தாலி கட்ட முடியாது என்று சபையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் போதகர் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டேன். நர்ஸ் பரீட்சைக்குப் படித்த மாதிரியே படித்தேன். விசுவாசப் பிரமாணத்தைப் போதகரின் மனைவியைவிட வேகமாகச் சொல்வேன். அந்தச் சனிக்கிழமை பத்துப் பேர் முன்னால் போதகர் என்னிடம் விசுவாசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் விசுவாசிக்கிறேன் என்றேன். உள்ளே ஒன்றுமே இல்லை. எனக்கு உன் அப்பா வேண்டும், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. கல்யாணம் முடியட்டும், அப்புறமாக ஒரு நாள் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த ஒரு நாள் வரவே இல்லை. முதல் வருஷம் புதுக் கல்யாணம், அதைக் கெடுப்பானேன் என்று இருந்தேன். அப்புறம் நீ பிறந்தாய். அப்புறம் அவர் சபைக்குச் செயலாளர் ஆனார், நான் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி ஆனேன். சிரிக்காதே. நான் நன்றாக ஜெபம் பண்ணுவேன் என்று எனக்குப் பேரே இருந்தது. ஊசியும் போட்டுவிட்டு ஜெபமும் பண்ணிவிட்டுப் போகிற சிஸ்டர் என்று நாலு ஊரில் சொல்வார்கள். வீடு நிறைய ஆள், வாரம் முழுக்கக் கூட்டம், பக்கத்திலேயே அன்பான மனுஷர். அத்தனை பேருக்கு நடுவில் நான் தனியாகத்தான் இருந்தேன். யாரும் எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. அவர்கள் பிரியம் வைத்திருந்த பெண் நான் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்த நினைப்போடு இருப்பது எவ்வளவு கொடுமை என்று உனக்கு எப்படிப் புரியவைப்பேன்?

நம்ப முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. என் வேலைதான் குறுக்கே நின்றது. குளத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நம் சபைப் பெண் ஒருத்திக்குப் பிரசவம் பார்த்தேன். கர்ப்பமானதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தவள். குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. அதே தெருவில் அதே வாரத்தில் எந்தச் சாமியையும் கும்பிடாத ஒருத்திக்கு, உள்ளங்கை அளவில் பிறந்த பிள்ளை பிழைத்துக்கொண்டது. நம் சபையில் அது தேவ சித்தம் என்றார்கள். சித்தப்பாவின் ஆட்கள் விசுவாசக் குறைவு என்றார்கள். என் பிறந்த வீட்டில் தலைவிதி என்றார்கள். மூன்று பேர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது, அதைக் கேட்பாரில்லை. நான்தான் தினமும் போய்ப் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு வந்தேன். அவள் அழுதுகொண்டே சிஸ்டர் ஜெபம் பண்ணுங்க என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு பண்ணுவேன். யாரிடம் பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது. உன்னைப் போல எனக்கு நம்பிக்கை நடுவில் போகவில்லை, ஏனென்றால் முதலில் வரவே இல்லை.

ஆனால் அப்படியே விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. அதற்கு உன் அப்பாவும் சித்தப்பாவும்தான் காரணம். உன் ஞானஸ்நானத்துக்கு முந்தின வருஷம் சித்தப்பா முழுக்கு எடுத்துக்கொண்டு அந்தச் சபைக்குப் போய்விட்டார். உனக்குத் தண்ணீர் தெளித்த அன்றைக்கு சர்ச்சுக்குள் வரமாட்டேன் என்று கேட்டுக்கு வெளியே நின்றார். ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொன்ன பிறகு உள்ளே வந்து இரண்டு தட்டுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்காக உன் அப்பா அவரோடு ஆறு வருஷம் பேசவில்லை. மழையே பெய்யாத சீமையில் இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் தண்ணீர் எவ்வளவு என்று சண்டை போட்டுப் பிரிந்ததை நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை, நான் எந்த வாயால் சொல்வது?

அப்புறம் ஒரு சமயம் நம் சபையிலிருந்து மூன்று குடும்பங்கள் சித்தப்பாவின் சபைக்குப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றி விளக்கிப் பேசும்படி உன் அப்பாவைக் கேட்டார்கள். நாலு பக்கம் எழுதிக்கொண்டுவந்து என்னிடம் வாசித்துக் காட்டினார். நான் அயிரை மீன் உரசிக்கொண்டிருந்தேன். அவர்கள் வேதம் தெரியாதவர்கள், ஆட்டத்துக்கும் பாட்டத்துக்கும் மயங்கிப் போனவர்கள், முங்கினால்தான் மோட்சம் என்கிறவர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார். நான் நிமிராமலே, "இதை ஒங்க தம்பி கேட்டா, நான் அப்படிச் சொல்லவே இல்லையேன்னுதான் சொல்லுவாரு" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு மீன் குழம்பைத் தொடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், இருட்டுவதற்குள் தம்பியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆறு வருஷம் கழித்து அந்த மனுஷர் நம் வீட்டுப் படி ஏறினார். நீ என்ன சொல்கிறாய் என்று உன் வாயாலேயே சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்று உன் அப்பா காகிதத்தோடு உட்கார்ந்தார். சித்தப்பா, "ஒருத்தனுக்காக இன்னொருத்தன் நம்ப முடியாதுண்ணே. அவனவன் வாயாலதான் சொல்லணும், அதுவும் நெசமாச் சொல்லணும்" என்றார். உன் அப்பா அதை அப்படியே எழுதிக்கொண்டு, பிறகு தன் பங்கைச் சொன்னார். "நீ பொறந்தப்ப ஒன்னைக் கேட்டுக்கிட்டாடா ஆத்தா பால் குடுத்துச்சு? கேக்குறதுக்கு முன்னாடியே குடுக்குறதுதான் கிருபை."

இரண்டு பேரும் ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா பேசியபோது தம்பியின் பக்கத்தை முதலில் எடுத்துச் சொன்னார். அவ்வளவு நன்றாகச் சொன்னார், இவரும் அங்கிட்டுப் போய்விட்டாரோ என்று முன் பெஞ்சில் இரண்டு பேர் பயந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் தான் ஏன் அதை ஒப்பவில்லை என்று சொன்னார். அன்றிலிருந்து கடைசி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒத்துப்போகாமல் இருந்தார்கள். இதை நீ கவனித்துக்கொள். உன்னோடு ஒத்துப்போகாத ஒருவருடைய பேச்சை, அவரே கேட்டுத் தலையாட்டும்படி உன்னால் எடுத்துச் சொல்ல முடிய வேண்டும். அது வரைக்கும் அவரை மறுத்துப் பேச உனக்கு உரிமை கிடையாது. இது என் சொந்தச் சரக்கு இல்லை, உன் அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அவர்கள் காகிதத்தோடு பேசிக்கொண்டிருந்த அன்றைக்கு அடுப்படியில் நின்றபடி நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். சித்தப்பாவின் பேச்சு என்னைச் சுட்டது, நான் வாயால் சொல்லியும் நிஜமாகச் சொல்லாதவள். உன் அப்பாவின் பேச்சு ஆறுதலாக இருந்தது, நான் கேட்காமலே எனக்கும் ஏதாவது கொடுக்கப்பட்டிருக்குமோ என்று. எதற்கும் மசியாத ஒரு மனுஷர், தம்பி சொன்னதைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வண்டியை எடுத்துக்கொண்டு போனாரே, அவரை அப்படிப் போகவைத்தது வெறும் பொய்யாக இருக்குமா என்று எனக்கு அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது. இப்போதும் சில நாள் அப்படித் தோன்றும். சில நாள், நல்ல மனுஷர்கள் இல்லாததையும்கூட நம்பலாமே என்று தோன்றும். நிஜத்தைக் கேட்டால் என் நிலைமை அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள் நம்புகிறேன், நாலு நாள் இல்லை. எந்த மூன்று நாள் என்பது என் கையில் இல்லை.

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவுக்கு ஈரலில் புற்று என்று தெரிந்து, இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று திருமயத்தில் இந்த வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். நீ சனி, ஞாயிறு வந்து போய்க்கொண்டிருந்தாய். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னு சொல்லணும், யாருகிட்டயும் சொல்லாத. ஒரு மாசமா ஜெபம் பண்ணா அங்கிட்டு ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கும் அப்படித்தான், கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமையிலிருந்தே அப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சிரித்துக்கூட இருப்பார். இரண்டு பேரும் அந்த மத்தியானம் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்களாகச் சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். "அப்படியெல்லாம் பேசப்படாது. பாஸ்டரை வரச் சொல்றேன், இருங்க" என்று கையை விடுவித்துக்கொண்டு போனை எடுத்தேன்.

சாயங்காலம் போதகர் வந்தார், சபையிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், எண்ணெய் பூசினார்கள். நானும் நீளமாக ஒரு ஜெபம் பண்ணினேன். உன் அப்பா கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஒனக்கு நல்ல விசுவாசம். நாந்தான் பயந்துட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார். உலகத்திலேயே அவருடைய பயத்தைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் பக்கத்தில் இருந்தும் அவர் தனியாகப் போனார். நான்தான் அவரைத் தனியாக அனுப்பினேன். நாலு வருஷமாக நான் நினைத்து நினைத்து அழுவது அவர் போனதற்காக மட்டும் என்று நீ நினைத்திருப்பாய்.

இப்போது இந்த வீட்டில் நாள் முழுக்க நான் மட்டும்தான். மாத்திரை வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரரிடம் தேவைக்குமேல் ரெண்டு நிமிஷம் பேசிக்கொண்டு நிற்கிறேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய், மதுரை வண்டி வந்து ஆள் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. தனியாக இருப்பது எனக்கு இன்று நேற்று ஆரம்பித்தது இல்லை, ஆள் இருக்கும்போதே பழகிவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

உன்னை நம்பு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, சொல்லி வருகிற காரியமும் இல்லை. முழுக்கு எடுக்காதே என்றும் சொல்லவில்லை. தெளிக்கிறதா முக்குகிறதா என்பதில் எனக்கு ஒரு பக்கமும் கிடையாது. ஆனால் சித்தப்பாவின் ஆட்களை நீ குறைத்து எடைபோட்டுவிட்டாய். அவர்களுக்கு உன் தலை நனைய வேண்டும் என்பது இல்லை. தண்ணீருக்குள் நிற்கிறவன் நிஜத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் சொந்த அண்ணன் தம்பியைக்கூடப் பகைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒன்றைத்தான் நீ பத்து நிமிஷ வேலை என்கிறாய். அவர்களை ஒப்பவில்லை என்றால் ஒப்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல், அது மரியாதை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவர்கள் காதில் பொய்யைச் சொல்லாதே. நான் சொல்லிவிட்டு வந்தவள், அதனால் சொல்கிறேன்.

நிஜத்தைச் சொன்னால் எஸ்தர் போய்விடுவாளோ என்றுதான் உனக்குப் பயம். போனாலும் போவாள். அப்படி எதுவும் ஆகாது என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் உன் அப்பா என்னைக் கட்டியிருப்பாரா என்று எனக்கும் தெரியாது, நீ பிறந்தே இருக்கமாட்டாயோ என்னவோ. ஆனால் ஒன்றை யோசித்துப்பார். இருபது வருஷம் கழித்து அவளே ஒரு நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஜெபம் பண்ண முடியவில்லை என்று சொல்லலாம். அப்போது நீ உன் வேஷத்தைக் கலைக்க மனதில்லாமல் போதகருக்குப் போன் போடப் போவாய். அவளும் உனக்கு நல்ல விசுவாசம் என்பாள். அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவது என்னவென்று நான் தெரிந்துகொண்டது போதும்.

அதனால் நீ ஒரு காரியம் செய். எஸ்தரைப் பார்த்து உன் வாயாலேயே சொல். சொல்லி முடித்த பிறகு இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. அவள் படித்தால் அவள் அப்பாவிடம் சொல்வாள், அவர் உன் சித்தப்பாவிடம் சொல்வார், ஒரு வாரத்தில் இரண்டு சபைக்கும் தெரிந்துவிடும். பெண்கள் சங்கத் தலைவி மூன்று தரம் பொய் சொல்லி ஞானஸ்நானம் எடுத்தவள் என்று பேசிக்கொள்வார்கள். நான் ஜெபம் பண்ணிய வீடுகளில் எனக்குக் கதவு திறப்பார்களோ மாட்டார்களோ. அதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவள் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யச் சொல். உன்னைக் கட்டிக்கொண்டாலும் சரி, கட்டிக்கொள்ளாவிட்டாலும் சரி, ஒரு தடவை பேசச் சொல். திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். நான் யார் என்று தெரிந்துகொண்டு என்னோடு பேசப்போகிற இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் நீ. நியாயமாக அந்த முதல் இடம் உன் அப்பாவுடையது.

அம்மா